பெருக்கல் குறி மறையுற எக்ஸ்பெரிமென்ட்: 145 வினாடி தப்பா?

கேள்வி | 8 ஜூலை, இரவு 9.40

பொண்ணு பன்னெண்டாவது, சிபிஎஸ்இ. லேப்ல ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) கரைசல்ல ஆசிட் ஊத்தி, பீக்கருக்கு அடியில பேப்பர்ல போட்ட பெருக்கல் குறி எத்தனை வினாடில மறையுதுன்னு பாக்குற எக்ஸ்பெரிமென்ட் பண்ணிருக்கா. 0.1 மோலார் ஹைப்போ 50, 40, 30, 20, 10 மில்லி, மீதிக்கு தண்ணி ஊத்தி எல்லாத்தையும் 50 ஆக்கி, ஒவ்வொண்ணுக்கும் 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் 10 மில்லி. வந்த ரீடிங் 24, 30, 41, 64, 145 வினாடி. மிஸ் கடைசி ரீடிங்க சிவப்பு பேனால சுழிச்சு, 120 வரணும், மாத்தி எழுதிட்டு வான்னு சொல்லிட்டாங்க. இவ என்னடான்னா நான் கண்ணால பாத்தது 145தான்னு பிடிவாதமா நிக்கிறா. நான் படிச்சது காமர்ஸ், எனக்கு ரெண்டு பக்கமும் புரியல. யாரு சொல்றது சரி? இன்னொண்ணு, குறி மறைஞ்சா ரியாக்‌ஷன் முடிஞ்சிருச்சுன்னு அர்த்தமா?

8 ஜூலை, இரவு 10.20

ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்குறேன் சார், ஏன்னா முதல் கேள்விக்கு பதிலே அதுலதான் இருக்கு.

முடியல. குறி மறையும்போது ரியாக்‌ஷன் ஆரம்பிச்சு கொஞ்ச தூரம்தான் போயிருக்கும். ஹைப்போவும் ஆசிடும் சேர்ந்தா உப்பு, தண்ணி, சல்ஃபர் டை ஆக்ஸைடு, கந்தகம் நாலும் வரும், இதுல கந்தகம் மட்டும்தான் கரையாம பொடிப்பொடியா மிதந்து கலங்கலாகுது. குறிய மறைக்கிற அளவுக்கு கந்தகம் சேர்ந்த நிமிஷம் நாம வாட்ச்ச நிறுத்துறோம், ஆனா பீக்கருக்குள்ள வேலை நடந்துக்கிட்டேதான் இருக்கும். பொண்ண அந்த பீக்கர கழுவாம ஒரு பத்து நிமிஷம் விட்டுப் பாக்க சொல்லுங்க, வெள்ளைக் கலங்கல் மஞ்சளாகி இன்னும் திக்காயிட்டே போகும்.

ஆக நாம அளக்குறது ரியாக்‌ஷன் முடியுற நேரம் இல்ல, ஒரு குறிப்பிட்ட அளவு கந்தகம் வர்றதுக்கு ஆகுற நேரம். அஞ்சு பீக்கர்லயும் அந்த அளவு ஒண்ணுதான். அதே பீக்கர், அதே குறி, அதே 60 மில்லி உயரம், மேல இருந்து பாக்குற அதே கண்ணு.

மிஸ் 120 எங்க இருந்து எடுத்தாங்கன்னா, 50ஐயும் 24ஐயும் பெருக்கினா 1200, அத 10ஆல வகுத்தா 120. ஹைப்போ அஞ்சுல ஒரு பங்கானா வேகமும் அஞ்சுல ஒரு பங்கு, நேரம் அஞ்சு மடங்கு. கணக்கு சுத்தமா இருக்கு. ஆனா 145 தப்பில்ல. நாளைக்கு உக்காந்து எழுதுறேன், இப்ப தூக்கம் வருது.

9 ஜூலை, காலை 6.50

ஹைப்போ மில்லியையும் வினாடியையும் பெருக்கிப் பாத்தா வரிசையா 1200, 1200, 1230, 1280, 1450. பாருங்க, கடைசி ரீடிங் மட்டும் திடீர்னு எகிறல, மூணாவதுல இருந்தே மெதுவா ஏறிட்டு வருது. கை தடுமாறி வந்த தப்புன்னா மேலயும் கீழயும் குதிக்கும். இது ஒரே பக்கமா ஏறுது, அப்ப உள்ள ஏதோ காரணம் இருக்கு.

காரணம் இதுதான். முதல் பீக்கர்ல இருக்குற ஹைப்போ மொத்தமும் மாறினா 160 மில்லிகிராம் கந்தகம் வரும் (50 மில்லிய 0.1ஆல பெருக்கினா 5 மில்லிமோல், அத கந்தகத்தோட அணு எடை 32ஆல பெருக்கிக்குங்க). கடைசி பீக்கர்ல மொத்தமே 32 மில்லிகிராம்தான் வர முடியும். இப்ப குறி மறையுறதுக்கு ஒரு 12 மில்லிகிராம் தேவைன்னு வெச்சுக்குவோம். முதல் பீக்கர்ல 160ல 12, அதாவது நூத்துக்கு ஏழரை. ஹைப்போ குறைஞ்சதே தெரியாது, ஆரம்பத்துல இருந்த வேகத்துலயேதான் கடைசி வரைக்கும் ஓடியிருக்கும். கடைசி பீக்கர்ல 32ல 12ன்னா மூணுல ஒரு பங்குக்கு மேலயே ஹைப்போ காலி. செறிவு குறைய குறைய வேகமும் குறையும்னுதான இந்த எக்ஸ்பெரிமென்ட்டே சொல்லுது, அந்த விதி அந்த பீக்கருக்குள்ள நம்ம வாட்ச் ஓடிட்டு இருக்கும்போதே வேலை செய்யுது. அதனால 120ல நிக்க வேண்டியது இழுத்துக்கிட்டு போயிருக்கு.

முதல் வரிசை வினைக்கான (செறிவு எத்தனை பங்கோ வேகமும் அத்தனை பங்கு) மடக்கை சூத்திரத்துல இந்த ஏழரைய போட்டுப் பாத்தேன். முதல் ரீடிங் 24ன்னா மத்தது 30.3, 41.1, 63.9, 144.7 வருது. உங்க பொண்ணுக்கு வந்தது 30, 41, 64, 145.

பொண்ண நோட்ட மாத்த வேண்டாம்னு சொல்லுங்க.

9 ஜூலை, மதியம் 1.15

ஒரு தம்பி, நோட்ல வேகம்னு எழுதுற 1/டி (ஒண்ணு வகுத்தல் நேரம்) எப்படி வேகமாகும், வேகம்னா செறிவு மாற்றம் வகுத்தல் நேரம் இல்லையான்னு கேட்டிருக்காரு. ஆமா, மேல செறிவு மாற்றம் இருக்கணும்தான். அது அஞ்சு பீக்கர்லயும் ஒரே அளவுங்கறதால அத எழுதாம விட்டுடுறாங்க. ஸ்போர்ட்ஸ் டேல நூறு மீட்டர் ஓடுற எல்லாருக்கும் தூரம் ஒண்ணுதான், அதனால யாரு வேகம்னு பாக்க நேரம் மட்டும் போதும், அதேதான் இதுவும். ஆனா இப்படி வர்றது அந்த 24 வினாடிக்கான சராசரி வேகம். ஆசிட் ஊத்தின உடனே இருக்குற ஆரம்ப வேகம்னு வைவால சொல்லணும்னா, ஹைப்போ ரொம்ப குறையறதுக்குள்ள குறி மறைஞ்சிருக்கணும். முதல் பீக்கருக்கு இது பொருந்தும், கடைசிக்கு பொருந்தாது. காலைல சொன்னதே வேற வழியில.

9 ஜூலை, இரவு 11.05

நாலு எண்ணும் இவ்ளோ அழகா பொருந்தினது எனக்கே கொஞ்சம் உறுத்தலா இருக்கு. ஏழரைய நானேதான் கடைசி ரீடிங்க பாத்து தேர்ந்தெடுத்தேன், அது பொருந்துறதுல ஆச்சரியம் இல்ல. நடுவுல இருக்குற மூணும் தானா வந்து உக்காந்ததுதான் விஷயம். இருந்தாலும் ஏழரைய கல்வெட்டுல வெட்டிடாதீங்க. கந்தகம் அணு அணுவா வந்து உடனே கலக்குறதில்ல, எட்டு எட்டா வளையமா சேர்ந்து, அது துகளாகி, துகள் வளர்ந்து வெளிச்சத்த சிதறடிக்கிற சைஸுக்கு வந்தாதான் நம்ம கண்ணுக்கு கலங்கல். ஆசிட் ஊத்தினதும் சில வினாடி ஒண்ணுமே நடக்காத மாதிரி தெளிவா இருக்கும், அப்புறம் திடீர்னு பால் மாதிரி ஆகும், பாத்திருப்பீங்க. நீர்த்த கரைசல்ல இந்த வளர்ச்சியும் மெதுவா நடக்கும், 145ல அதுக்கும் பங்கு இருக்கலாம். எத்தனை வினாடி அதோட கணக்கு, எத்தனை வினாடி இதோட கணக்குன்னு இந்த அஞ்சு ரீடிங்க வெச்சு பிரிக்க முடியாது.

சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. மார்க்கர்ல போட்ட திக்கான குறிக்கு பதிலா பென்சில்ல லேசா போடுங்க. லேசான குறி சீக்கிரம் மறையும், தேவைப்படுற கந்தகமும் குறைவு. நான் சொல்ற காரணம் சரின்னா முதல் பீக்கருக்கும் கடைசி பீக்கருக்கும் உள்ள விகிதம் இப்ப இருக்குற 6ல இருந்து இறங்கி 5 பக்கமா வரணும்.

10 ஜூலை, மாலை 5.30

குழாய் தண்ணில பண்ணலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. தண்ணியோட தரத்த விட சூடுதான் பிரச்சனை. நம்ம ஊர்ல வெயில் காலத்துல மொட்டமாடி தொட்டில இருந்து பன்னெண்டு மணிக்கு வர்ற தண்ணி கையில பட்டா சுடும். ஹைப்போ பாட்டில் நிழல்ல அலமாரில, தண்ணி மட்டும் வெயில்ல காஞ்சது. கடைசி பீக்கர்ல 40 மில்லி அந்த தண்ணி. அது 5 டிகிரி கூடுதல்னா 60 மில்லி கலவை கிட்டத்தட்ட 3.3 டிகிரி ஏறிடும், பத்து டிகிரிக்கு வேகம் ரெட்டிப்புன்னு எடுத்துக்கிட்டா இந்த மூணு டிகிரியே வேகத்த கால் பங்கு கூட்டிடும். 145 வர வேண்டிய இடத்துல 116 வரும், எல்லாரும் ஆகா 120 பக்கத்துல வந்துருச்சு, சூப்பர்னு நோட்ல கையெழுத்து வாங்கிட்டு போயிடுவாங்க! ரெண்டு கோளாறு ஒண்ண ஒண்ணு மறைச்சு அழகான கிராஃப் குடுத்துரும்.

தண்ணிய முந்தின நாளே பிடிச்சு லேபுக்குள்ள வெச்சிருங்க, ஹைப்போ, ஆசிட், தண்ணி மூணுலயும் தெர்மாமீட்டர் விட்டுப் பாத்துட்டு ஆரம்பிங்க. (அப்பா பதில் போட்டிருக்காரு, ஸ்கூல்ல கேன்ல வெச்ச டிஸ்டில்டு வாட்டராம். நல்லது.)

11 ஜூலை, காலை 7.10

மேல பத்து டிகிரிக்கு ரெட்டிப்புன்னு நான் போகிற போக்குல எழுதினத பிடிச்சுக்கிட்டாங்க. “சூடாக்கினா மூலக்கூறு வேகமா ஓடும், அதிகமா மோதும், அதனால ரியாக்‌ஷன் வேகம், இதுல என்ன இருக்கு.”

பரீட்சைல இத எழுதினா மார்க் கிடைக்கும், கொறைக்க மாட்டாங்க. ஆனா கணக்கு பாருங்க. 25 டிகிரில இருந்து 35க்கு போனா கெல்வின்ல 298ல இருந்து 308. மூலக்கூறோட சராசரி வேகம் வெப்பநிலையோட வர்க்கமூலம் மாதிரிதான் கூடும், அதாவது நூத்துக்கு 1.7. மோதலும் அவ்ளோதான் கூடும். 1.7 சதவீதம் கூடினா 24 வினாடி 23.6 ஆகணும், கையில ஸ்டாப் வாட்ச் வெச்சிருக்குற பிள்ளைக்கு அது தெரியவே தெரியாது. நிஜத்துல பாதியா குறையுது. மீதி எங்க இருந்து வந்துச்சு?

மோதுற எல்லாமே ரியாக்ட் ஆகுறதில்ல. கிளர்வு ஆற்றல்னு ஒரு தடை இருக்கு, அத தாண்டுற அளவுக்கு பலமா மோதினாதான் உண்டு. பத்து டிகிரிக்கு சரியா ரெட்டிப்பாகணும்னா அந்த தடை மோலுக்கு சுமார் 53 கிலோஜூல் இருக்கணும். அந்த தடைய தாண்டுற மோதல் 25 டிகிரில ஏறக்குறைய 200 கோடிக்கு ஒண்ணு. 35 டிகிரில 100 கோடிக்கு ஒண்ணு. மோதல் எண்ணிக்கை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு, ஜெயிக்கிறது ரெட்டிப்பாயிருச்சு. எனக்கு இந்த பாடத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான், புத்தகத்துல ஒரு வளைவு வரைஞ்சு வால் பக்கம் கோடு போட்டு காட்டிட்டு அடுத்த பக்கத்துக்கு போயிடுவாங்க, கோடி கணக்குல சொன்னா பிள்ளைங்க வாய பொளந்து கேக்கும்.

அதனால பத்து டிகிரிக்கு ரெட்டிப்புங்கறது எல்லாத்துக்கும் பொதுவான சட்டம் இல்ல. தடை பெருசா இருக்குற ரியாக்‌ஷன் மூணு மடங்குகூட ஆகும், சின்னதா இருந்தா ஒண்ணரைகூட ஆகாது.

11 ஜூலை, காலை 7.40

சொல்ல விட்டுப் போச்சு. சூடு கூடினா வேகம் எவ்ளோ கூடும்னு சொல்ற சமன்பாட்ட ஸ்வீடன் விஞ்ஞானி அர்ஹீனியஸ் 1889ல எழுதினப்ப அவர் எடுத்துக்கிட்டது ஆசிட்ல கரும்புச் சர்க்கரை உடையுற ரியாக்‌ஷன். அதே ரியாக்‌ஷன அதுக்கு முன்னாடியே 1850ல வில்ஹெல்மின்னு ஒரு ஜெர்மன்காரர் போலாரிமீட்டர் (கரைசல் ஒளிய எவ்ளோ திருப்புதுன்னு காட்டுற கருவி) வெச்சு அளந்து, வேகம் மிச்சமிருக்குற சர்க்கரைக்கு ஏத்த மாதிரி குறையுதுன்னு எழுதி வெச்சுட்டாரு, ரொம்ப வருஷம் யாரும் கண்டுக்கல. 145க்கு விளக்கம் 1850லயே ரெடி.

13 ஜூலை, இரவு 9.00

ஆசிட் அதிகமா இருக்கு, அதனாலதான் அத கணக்குல எடுக்கிறதில்லன்னு ரெண்டு பேர் எழுதியிருக்காங்க. அப்படி சொல்ல முடியாது. ஒரு பங்கு ஹைப்போவுக்கு ரெண்டு பங்கு ஆசிட் வேணும். முதல் பீக்கர்ல ஹைப்போ 5 மில்லிமோல், தேவை 10. ஊத்தினது 1 மோலார் 10 மில்லி, அதாவது கரெக்டா 10. மிச்சமே கிடையாது. ஆனா குறி மறையுறதுக்குள்ள ஏழரை சதவீதம்தான் செலவாகுதுங்கறதால ஆசிட் கிட்டத்தட்ட முழுசா அப்படியே இருக்கும். அஞ்சு பீக்கர்லயும் ஆரம்பத்துல ஆசிட் செறிவு ஒண்ணு, மறையும்போதும் ஒண்ணுதான். இதுதான் சரியான காரணம், அதிகம்ங்கறது இல்ல.

ஆசிட மாத்தி ஹைப்போவ நிலையா வெச்சும் பண்ணிப் பாக்கணும், நம்ம பக்கம் யாரும் பண்ண வைக்கிறதில்ல. ஆசிட பாதியாக்கினா நேரம் ரெட்டிப்பாகாது, கொஞ்சம்தான் நகரும். சமன்பாட்டுல ஆசிடுக்கு முன்னாடி 2 இருக்கு, அதனால இரண்டாம் வரிசைன்னு எழுதுற பிள்ளைக்கு இத விட நல்ல வைத்தியம் கிடையாது.

14 ஜூலை

கொழும்புல இருந்து ஒரு தங்கச்சி, அங்க ஏ/எல்ல (நம்ம ப்ளஸ் டூ மாதிரி) இதையே நைத்திரிக்கமிலம் ஊத்தி செய்யுறாங்களாம், தாக்கவீதம் (வினை வேகம்) மாறுமான்னு கேக்குறா. நீர்த்த அமிலம்னா வேலை செய்யுறது ஐதரசன் அயன்தான்மா, வர்ற கந்தகமும் அதே கந்தகம். கிராஃப் அதே மாதிரிதான் வரும்.

15 ஜூலை, மாலை

மூச்சு பிரச்சனை பத்தி யாருமே பேசல. சல்ஃபர் டை ஆக்ஸைடு வருதுன்னு மேல எழுதிட்டு நானும் அப்படியே போயிட்டேன். ஆஸ்துமா இருக்குற பிள்ளைக்கு கொஞ்சம் பட்டாலே நெஞ்ச பிடிக்கும். குறி மறையுதான்னு பீக்கருக்கு நேர் மேல மூக்க நீட்டிக்கிட்டுதான் எல்லாரும் நிப்பாங்க. ஜன்னல் பக்கத்து மேஜைல வைங்க, கொஞ்சம் தள்ளி நின்னு பாருங்க. வெப்பநிலை ரீடிங் எடுக்கும்போது 50 டிகிரிக்கு மேல போகவே வேண்டாம், வாயு குப்புன்னு வரும். நேரம் குறிச்ச உடனே பீக்கர சோடியம் கார்பனேட் கரைசல் இருக்குற டப்புல கவுத்துடுங்க, ஆசிட் செத்துரும், வாயு நின்னுரும்.

பீக்கர உடனே கழுவுறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. காய விட்டா அடியில வெள்ளையா ஒரு படலம் ஒட்டிக்கும், அடுத்த ரீடிங்ல குறி பாதி மறைஞ்ச நிலையிலதான் ஆரம்பிக்கும், நேரம் குறைச்சு வரும்.

17 ஜூலை

ஃபோன்ல வெளிச்சம் அளக்குற ஆப் போட்டு, ஒரு பக்கம் டார்ச், நடுவுல பீக்கர், மறுபக்கம் ஃபோன் வெச்சா கண்ணுக்கு வேலையே இல்லையேன்னு ஒரு ஐடிக்காரர். நல்ல யோசனைதான், வினாடிக்கு வினாடி வளைவே கிடைக்கும், நான் மேல சொன்ன அந்த ஆரம்ப அமைதியும் அப்புறம் சட்டுன்னு இறங்குறதும் அதுல தெரியும். முதல்ல இதையே எல்லாரும் பண்ணலாம்னு நினைச்சேன். இப்ப யோசிச்சா, முதல் தடவை பேப்பரும் பெருக்கல் குறியுமா இருக்கட்டும். மறைஞ்சதா இல்லையான்னு ரெண்டு பிள்ளைங்க சண்டை போடுற அந்த ரெண்டு வினாடிதான் பிழைன்னா என்னன்னு கத்துக் குடுக்குது. வளைவு ரெண்டாவது நாளைக்கு.

20 ஜூலை, இரவு

அப்பாகிட்ட இருந்து நியூஸ். மிஸ்கிட்ட பொண்ணு இந்த 160, 32, 12 கணக்க எழுதிக் காட்டியிருக்கா, அவங்களும் சனிக்கிழமை லேப திறந்து விட்டு பென்சில் குறில பண்ணிப் பாக்க சொல்லிட்டாங்களாம். நல்ல டீச்சர். 50 மில்லிக்கு 13 வினாடி, 10 மில்லிக்கு 70. விகிதம் 5.4.

6ல இருந்து 5.4க்கு இறங்கிருச்சு, திசை சரி. சந்தோஷப்படலாம், ஆனா கோயில் கட்டிடாதீங்க. 13 வினாடில கை ஒரு வினாடி பிந்தினாலே எட்டு சதவீதம் போச்சு, 14ன்னு வந்திருந்தா விகிதம் சரியா 5 ஆகி நாம எல்லாரும் கைதட்டியிருப்போம், 12ன்னா 5.8 ஆகி தலைய சொறிஞ்சிருப்போம். குறிய லேசாக்கினா ஒரு பிழை குறையுது, நேரம் சுருங்குறதால இன்னொரு பிழை ஏறுது. ஹைப்போ, ஆசிட், ஊத்துற தண்ணி மூணையும் ஐஸ் தண்ணில வெச்சு பதினஞ்சு டிகிரிக்கு இறக்கிட்டு இதையே பண்ணினா நேரமும் நீளும், குறியும் லேசா இருக்கும். அத யாராவது பண்ணிட்டு எழுதுங்க.

21 ஜூலை

120னு மாத்தி எழுதுறது அந்த ஒரு ஸ்கூல் கதை இல்லைங்க. ரெக்கார்டு நோட்ல 24, 30, 40, 60, 120ன்னு பெருக்கினா கச்சிதமா 1200 வர்ற ரீடிங்க பாத்தாலே தெரிஞ்சிரும், வீட்ல கால்குலேட்டர்ல குக் பண்ணினது. டைட்ரேஷனுக்கும் சால்ட் அனாலிசிஸுக்கும் பயப்படுற அளவுக்கு இந்த எக்ஸ்பெரிமென்டுக்கு யாரும் பயப்படுறதில்ல, பாதி ஸ்கூல்ல டெமோவோட சரி.

24 ஜூலை, காலை

போன வருஷம் கரைச்சு வெச்ச ஹைப்போ பாட்டில்ல அடியில வெள்ளையா படிஞ்சிருக்கு, வடிகட்டிட்டு யூஸ் பண்ணலாமான்னு ஒரு லேப் அசிஸ்டென்ட் அண்ணன் கேட்டிருக்காரு. வேண்டாம்ணே. காத்துல இருக்குற கார்பன் டை ஆக்ஸைடு தண்ணில கரைஞ்சு லேசா புளிப்பாகி ஹைப்போவ மெதுவா உடைக்கும், பாக்டீரியா வேற அது பங்குக்கு தின்னும். படிஞ்சது கந்தகம், வடிகட்டினா தெளிவாயிரும், ஆனா லேபிள்ல இருக்குற 0.1 உள்ள இருக்காது. இந்த எக்ஸ்பெரிமென்டுக்கு லிட்டருக்கு 24.8 கிராம் படிகம் போட்டு அன்னன்னைக்கு புதுசா கரைச்சுக்குங்க. டைட்ரேஷனுக்கு சேத்து வெக்கிறதுன்னா கொதிக்க வெச்சு ஆறின டிஸ்டில்டு வாட்டர், ஒரு சிட்டிகை சோடியம் கார்பனேட், பழுப்பு பாட்டில்.